குரல் மெதுவான வெள்ளிக்கிழமை

சின்னமுத்து ஜமால்தீன் முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய கடன் நாலாயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய். அரிசி, மாவு, மண்ணெண்ணெய் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அதில் அறுநூற்றைம்பது மட்டும் ஒரு வாசிப்புக் கண்ணாடிக்கு. மூட்டை தூக்குகிறவனுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நாற்பத்தேழு வயதில் எழுத்துக் கூட்டப் பழகிய மனிதனுக்கு, எழுத்து தெரியத் தொடங்கிய அதே வருடத்தில் கண் மங்கத் தொடங்கினால் அவர் என்னதான் செய்வார்?

இந்தத் தொகை சின்னமுத்துவுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கொம்பியூட்டருக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராக்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. கட்டிய மனைவிக்குத் தெரியாத கடன் என்றால் அது எவ்வளவு பத்திரமாக இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்குறணையிலிருந்து கண்டிக்கு வரும் வழியில், பலாமரத்துச் சந்தியில் இருந்தது அந்தப் பலசரக்குக் கடை. முதலாளி ஜமால்தீனுக்குப் பார்வை போய்ப் பதினாறு வருடம். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது என்றார்கள். அது கூடிக் கூடிக் கடைசியில் வெளிச்சத்தையே வெளியே தள்ளிவிட்டது. கடையை மூடிவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் மூடவில்லை. பருப்பில் கல் இருக்கிறதா, மிளகாய் ஈரமா, நோட்டு நூறா ஐம்பதா எல்லாவற்றையும் விரலே பார்த்துக்கொண்டது.

கொம்பியூட்டரைக் கொண்டுவந்தது மகள் கைரியா. திரையில் என்ன இருக்கிறதோ அதைச் சத்தமாக வாசிக்கிற மென்பொருள் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தாள். காசு இல்லாமல் கிடைப்பது, தமிழும் வாசிக்கும். தகரப் பேணிக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஒரு ஆண் குரல். முதல் மாதம் அது ஆற அமரப் பேசியது. முதலாளிக்குப் பொறுமை இல்லை. காது பழகப் பழக வேகத்தைக் கூட்டினார். ஆறு மாதத்தில் அந்தக் குரல் போத்தலுக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு மட்டும் அது ஒவ்வொரு சொல்லாக விழும். மற்றவர்களுக்கு வெறும் "ங்ர்ர்ர்ர்".

"காதுக்கு ஒரு ஹெட்போன் போட்டுக்கங்களேன் மொதலாளி," என்று சின்னமுத்து ஒருமுறை சொன்னார்.

"காதையும் பொத்திக்கிட்டா நான் என்னத்தால கட பாக்குற?" என்றார் முதலாளி.

அதுவும் சரிதான். அவருடைய கடை முழுவதும் காதிலும் மூக்கிலும்தான் நடந்தது. கடன் கணக்கும் அப்படியே. கடன்காரர் ஒவ்வொருவருக்கும் கொம்பியூட்டரில் ஒரு தனிக் கோப்பு. அந்தக் கோப்பின் பெயரிலேயே ஆளும் இருப்பார், தொகையும் இருக்கும். அம்புக்குறியை அமுக்கி அமுக்கிக் கீழே போனால் யார் யார் எவ்வளவு என்று வண்டு ரீங்கரித்துவிடும். ஆனால் ஆளின் பெயர் அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. ஒரு மனிதன் கடைக்குள் வரும்போது அவன் பெயர் அவனுக்கு முன்னால் வருவதில்லையே, சத்தமும் வாசமும்தானே வருகின்றன? அதைத்தான் முதலாளி எழுதிவைத்தார். தன்னை எப்படி எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஊரில் எல்லோருக்கும் ஆசை. பக்கத்துத் தையல் கடைப் பாரூக் இரண்டு மாதம் வாசலில் நின்று காதைத் தீட்டிப் பார்த்தார். அவருக்குப் பிடிபட்டது "ரூபாய்" என்கிற ஒரு சொல் மட்டும்.

சின்னமுத்துவுக்கு அந்தக் கொம்பியூட்டரிடம் ஒரு பயம் இருந்தது. பயம் இல்லை, குற்ற உணர்ச்சி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நண்பகல், ஐம்பது கிலோ சீனி மூட்டையோடு திரும்பியபோது தோள் வழுக்கி, மூட்டையின் மூலை கீபோட்டின் வலது ஓரத்தில் தொப்பென்று விழுந்தது. அந்தப் பக்கத்து எண்களும் அவற்றுக்கு அருகே 'இன்சர்ட்' என்று எழுதியிருந்த கீயும் அன்றோடு செத்துப்போயின. முதலாளி தொழுகைக்குக் கை கால் கழுவி வுழுச் செய்யப் பின்கட்டுக்குப் போயிருந்தார். வந்து விரலை வைத்ததும் கேட்டார். சின்னமுத்துவின் வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது:

"பூனைங்க மொதலாளி. பாஞ்சிருச்சு."

கடையில் ஒரு மஞ்சள் பூனை இருந்தது. எலி பிடிக்கும், சீனி மூட்டை மேல் தூங்கும், ஒருவரையும் ஒன்றும் சொல்லாது. அன்று பின்னேரமே அதைத் தையல் கடைக்கு நாடு கடத்தினார்கள். அது அங்கிருந்து சின்னமுத்துவைப் பார்க்கிற பார்வையை அவரால் தாங்க முடிவதில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் யாருக்கும் தெரியாமல் அதற்குக் கருவாட்டுத் தலை கொண்டுபோய்க் கொடுப்பார். எண்களுக்கு மேல் வரிசை இருந்தது, இன்சர்ட் கீயை முதலாளி தொடுவதே இல்லை, 'கெப்ஸ் லொக்' கீயைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குரலுக்கு உத்தரவு போடுவார். அதனால் கீபோட்டை மாற்றவேண்டிய தேவை வரவில்லை. விஷயம் அப்படியே அமுங்கியது.

இது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வடக்கில் சண்டை. தெற்கே பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. சந்திக்குச் சந்தி தடைமுகாம். தமிழ் பேசுகிற மனிதன் சட்டைப்பையில் அடையாள அட்டை இல்லாமல் கக்கூசுக்குப் போவதும் யோசித்துச் செய்யவேண்டிய காரியம். சின்னமுத்துவின் அட்டை பதினெட்டு வருடம் அவருடைய நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. வியர்வை, மிளகாய்த்தூள், மூட்டைச் சணல் எல்லாம் சேர்ந்து உரசியதில் அதிலிருந்த படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிருந்தது. அவர் கவனிக்கவில்லை. புதன்கிழமை, சந்தியில் நின்ற சார்ஜன்ட் ஹேரத் கவனித்தார்.

ஹேரத் மட்டக்களப்பில் ஆறு வருடம் வேலை செய்தவர். தமிழ் நன்றாக விளங்கும். பேச்சு மட்டும் கொஞ்சம் நொண்டும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அதைக் கிலுக்கிக்கொண்டேதான் நடப்பார், நிற்பார், யோசிப்பார்.

"ஏய், இதில மூஞ்சி இல்ல நே!" என்றார் அட்டையைத் திருப்பித் திருப்பி.

"இருந்துச்சுங்க சார். தேஞ்சு போச்சு."

"மூஞ்சி தேயிறதா? இது யாருக்கும் சரி நே. நான் வச்சிருந்தா நான்தான் சின்னமுத்து."

"நீங்க இருங்க சார், மூட்ட நான் தூக்குறேன்."

சார்ஜன்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அட்டை அவர் பைக்குள் போய்விட்டது. முதலாளியிடமிருந்து சிங்களத்தில் டைப் பண்ணி, சீல் வைத்த கடிதம் வேண்டும் என்றார். "வெள்ளிக்கிழம நாலு மணிக்கி நானே கடைக்கி வாறன். சனிக்கிழம எனக்கு மாத்தம், வவுனியா, சண்ட பக்கம். அதுக்கு முன்னுக்கு லெட்டர் இல்லாட்டி கார்ட் மேலுக்குப் போகும். பிறகு எனக்குத் தெரியாது."

மேலே போன அட்டை எப்போது கீழே வரும் என்று யாருக்கும் தெரியாது. அட்டை இல்லாமல் சின்னமுத்து கண்டியைத் தாண்ட முடியாது. பேராதனையில் பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கிப் பார்க்கிறார்கள். சனிக்கிழமை கலஹாவில் மகளுடைய பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள். தாத்தாவைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்கிற செய்தியோடு பேர் வைப்பதா?

வியாழக்கிழமை பின்னேரம் கைரியா கடிதத்தை டைப் பண்ணினாள். திகனயில் மாமி வீட்டுக் கலியாணத்துக்குப் புறப்படுகிற அவசரம். போகிற போக்கில், கண்டியிலிருந்து ஒரு பென் டிரைவில் கொண்டுவந்த புதுப் பதிப்பையும் அந்த வாசிக்கும் மென்பொருளில் ஏற்றிவிட்டாள்.

"என்ன மகள் அது?"

"ஒண்டும் இல்ல வாப்பா. சின்ன அப்டேட் ஒண்டு. நல்லா ஈக்கும்."

சின்ன அப்டேட்தான். அவள் பொய் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து மூன்றரைக்கு முதலாளி கடை திறந்தார். கொம்பியூட்டரைப் போட்டார். ஸ்பீக்கரிலிருந்து அந்தத் தகரக் குரல், பரீட்சை மண்டபத்தில் விதிமுறை வாசிக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகச் சொன்னது:

"கடன். கோப்புறை. ஐம்பத்து. எட்டு. கோப்புகள்."

கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல் கடையில் மெஷின் சத்தம் நின்றது.

முதலாளியின் முகம் வெளுத்தது. கெப்ஸ் லொக்கைப் பிடித்துக்கொண்டு வழமையான கீயை அமுக்கினார். வேகம் கூடவில்லை. மறுபடி அமுக்கினார். "கெப்ஸ். லொக். ஒன்," என்றது குரல், அக்கறையோடு.

தொலைபேசியை எடுத்தார். கலியாண வீட்டு இரைச்சலுக்கு நடுவே கைரியாவின் குரல் வந்தது.

"மகள், இது தூங்கி தூங்கிப் பேசுதே! என்னத்தச் செஞ்சி வச்சீங்க?"

"அப்டேட்டுக்கு எல்லா செட்டிங்கும் பழையபடி பெய்த்திருக்கும் வாப்பா. ரெண்டு நிமிஷ வேல. இன்சர்ட் கீயப் புடிச்சிக்கிட்டு..."

"இன்சர்ட் கீ வேல செய்ற இல்லையே."

"ஏன்?"

முதலாளி சின்னமுத்து நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "பூனை பாஞ்ச," என்றார். சின்னமுத்து அரிசி மூட்டையின் பின்னால் எதையோ தேடத் தொடங்கினார்.

"சரி, சின்னமுத்துட லெட்டர என்ன பேர்ல வச்சீங்க?"

"அது கடன் ஃபோல்டருக்குள்ளதான் ஈக்கி வாப்பா, பேர் வந்து..."

அங்கே பைத் பாட்டுக்கு முட்டியை அடிக்கத் தொடங்கினார்கள். அதோடு அவளுடைய குரல் அமுங்கிப்போனது; திரும்பத் திரும்ப அழைத்தும் அவள் எடுக்கவில்லை.

நிலைமை இதுதான். கடிதம் அந்த ஐம்பத்தெட்டுக் கோப்புகளுக்குள் எங்கோ இருக்கிறது. பெயர் தெரியாது. ஒவ்வொன்றாகக் கீழே போய்த்தான் தேடவேண்டும். போகப் போகக் குரல் வாசிக்கும். குரல் வாசிக்க வாசிக்க ஊர் கேட்கும். குரலை நிறுத்தினால் முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. மணி நாலுக்குப் பத்து நிமிடம்.

"எல்லாரும் வெளிய போங்களேன்," என்றார் முதலாளி.

ஒருவரும் அசையவில்லை. ஒரு இறாத்தல் பாண் வாங்க வந்த பெண் இப்போது உளுந்தும் வேண்டும் என்றாள். பாரூக் வாயில் பிடித்த குண்டூசிகளோடு வாசலில் வந்து சாய்ந்துகொண்டார். "நாங்க என்ன அந்நியமா ஜமால்தீன் நானா? வாசிக்கச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் முதலாளி அம்புக்குறியை அமுக்கினார்.

"இருமல். மாஸ்டர். அறுநூற்றுப். பத்து. ரூபாய்."

கடைக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் இருமாமல் இந்தச் சந்தியைக் கடந்ததில்லை. நல்லவேளை, அவர் அங்கே இல்லை.

"ஊசி. வாய்க்காரர். தொள்ளாயிரத்து. அறுபது. ரூபாய்."

எல்லோரும் பாரூக்கைப் பார்த்தார்கள். பாரூக் அவசரமாக வாயிலிருந்த குண்டூசிகளைத் துப்பினார். ஏழு இருந்தன. "இது... இது வேற ஆள்," என்றார்.

அந்த நேரத்தில் வாசலுக்கு வெளியிலேயே சாவிக்கொத்து கிலுங்கியது; வாசித்தது அங்கேயும் கேட்டிருக்கும். சின்னமுத்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஓடி வந்தார்.

காரணம் இருந்தது. சார்ஜன்ட் ஹேரத் ஒன்றரை வருடமாக அந்தக் கடையில் சிகரெட்டும் சோடாவும் ரீலோட் கார்டும் எடுக்கிறார். "நாளைக்கித் தாறன்" என்பார். பொலிஸ்காரரிடம் நேற்று எங்கே என்று யார் கேட்பார்? எடுத்துக் கொடுத்ததெல்லாம் சின்னமுத்துதான். முதலாளி ஒவ்வொன்றையும் டைப் பண்ணிக்கொண்டார் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த மனிதர் இந்தப் பட்டியலில் எங்கோ இருக்கிறார், அதுவும் அவருக்குப் பிடிக்காத ஒரு பெயரோடு. தமிழ் விளங்குகிறவர். பையில் சின்னமுத்துவின் அட்டை.

"ஆ, மொதலாளி! லெட்டர் ரெடியா?" சார்ஜன்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது என்ன, மெஷின் பேசுது?"

"ஏலக்காய். வாசம். முந்நூற்று. ஐம்பது. ரூபாய்," என்றது குரல்.

"ஆ, கடன் கணக்கு!" சார்ஜன்ட்டுக்கு ஒரே சந்தோஷம். சாவியைக் கிலுக்கிக்கொண்டார். "நல்லம் நல்லம். போடுங்க, கேப்பம்."

முதலாளியின் விரல் அம்புக்குறிக்கு மேலேயே நின்றது. அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். சின்னமுத்து யோசிக்கவில்லை. குனிந்தார், ஸ்பீக்கர் வயரைப் பிடித்தார், வேரோடு கிழங்கு பிடுங்குகிற மாதிரி ஒரு இழுப்பு.

அமைதி.

"என்ன நடந்தது?" என்றார் சார்ஜன்ட்.

"வயரு லூசுங்க சார். அடிக்கடி இப்படித்தான்."

"அப்ப லெட்டர்?"

"வயரக் கொழுவு சின்னமுத்து," என்றார் முதலாளி, கொழுவாதே என்கிற குரலில்.

"முறிஞ்சிருச்சுங்க." உண்மையிலேயே முறிந்துதான் போயிருந்தது, சின்னமுத்துவின் கைக்கு வயர் எம்மாத்திரம்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "ஒனக்கு எழுத்துத் தெரியுந்தானே? நான் கீய அமுக்குற. நீல நிறத்துல எது நிக்கிதுன்னு நீ பாத்துச் சொல்லு. லெட்டர் வந்தா நிப்பாட்டு. லெட்டர் வந்தா மட்டும் வாயத் தொற, விளங்கிச்சா?"

விளங்கியது. சின்னமுத்து அறுநூற்றைம்பது ரூபாய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் குந்தினார். முதலாளி மறந்துபோனது ஒன்று உண்டு. சின்னமுத்துவுக்கு மனதுக்குள் வாசிக்கத் தெரியாது.

எழுத்தை நடுவயதில் பிடித்தவர்களுக்கு அது கண்ணால் வராது, வாயால்தான் வரும். ஒவ்வொரு எழுத்தையும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் அது என்ன எழுத்து என்று தெரியும். சொல்லைச் சொல்லி முடித்த பிறகுதான் அது என்ன சொல் என்று விளங்கும். பஸ்ஸில் போகும்போது சின்னமுத்து பெயர்ப்பலகைகளை அப்படித்தான் சத்தமாக வாசிப்பார். ஒருமுறை ஏதோ கடைப்பலகையில் இருந்த "பேராதனை"யை வாசித்ததில், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஊர் வந்துவிட்டது என்று எண்ணி முன்னாலுள்ள கெட்டம்பையிலேயே இறங்கிவிட்டார்கள். கொண்டக்டர் ஏசிய ஏச்சு அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்து என்ன?

முதலாளி கீயை அமுக்கினார். நீலம் ஒரு வரி கீழே இறங்கியது. சின்னமுத்து விரலை வைத்தார்.

"சா... வி... சாவி. கி... லு... க்... கி. சாவி கிலுக்கி." அவருக்கு இன்னும் விளங்கவில்லை, முழுக் கவனமும் அடுத்த எழுத்தில் இருந்தது. "நா... ளை... க்... கு... நாளைக்குத் தா... ற... ன். ரெண்டு, ஒண்ணு, நாலு, சைபர். ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

வாசித்து முடித்த பெருமையில் அவர் நிமிர்ந்தார். அப்போதுதான் தான் வாசித்தது என்ன என்று அவருக்கு விளங்கியது.

சாவிக்கொத்து கிலுங்குவது நின்றிருந்தது. அது நின்றபோதுதான் அவ்வளவு நேரமும் கிலுங்கிக்கொண்டிருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாண் வாங்க வந்த பெண் கூரையைப் பார்த்தாள்.

"அது வந்து சார்," என்றார் பாரூக், "மாத்தளை பஸ் கொண்டக்டர் ஒருத்தன் ஈக்கிறான். அவன்கிட்டயும் ஒரு சாவி..."

"வாய மூடுங்க ஊசி வாய்க்காரர்," என்றார் சார்ஜன்ட். பிறகு, மெதுவாக, "அடுத்தது வாசி."

"சார், லெட்டர் மட்டும்..."

"அடுத்தது வாசி என்டன்."

சின்னமுத்து வாசித்தார். தைல வாசம், நடுச்சாமக் கொலுசு, பச்சத்தண்ணிக் குரல். யார் யார் என்று யோசிக்கக்கூட ஒருவருக்கும் தைரியம் இல்லை. அட்டை போய்விட்டது என்று சின்னமுத்துவின் மனது தீர்ப்புச் சொல்லிவிட்டது. இனி அது மேலுக்குப் போகும், மேலுக்கும் மேலுக்குப் போகும். பேத்திக்குப் பேர் வைக்கிற நேரம் தாத்தா எங்கேயோ ஒரு பொலிஸ் நிலைய வாங்கில் குந்திக்கொண்டிருப்பார்.

"பூ... னை. பூனை." அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நாலு, மூணு, எட்டு, அஞ்சு."

பாரூக்கால் அடக்க முடியவில்லை. "பூனைக்கும் கடன் குடுத்தீங்களா நானா? என்ட கடைல ஈக்கிற பூனையா? நாலாயிரத்து முந்நூத்தி எம்பத்தஞ்சிக்கி அது என்னத்தத் திண்டிச்சி?"

சின்னமுத்து எழும்பி நின்றார். அந்தத் தொகையை உலகத்தில் யாருக்கும் அவர் சொன்னதில்லை. இரவில் படுத்தால் கடைசியாகத் தலைக்குள் ஓடுகிற எண் அதுதான்.

"அது நான்தாங்க," என்றார்.

"நீ எப்படிப் பூனை?" என்றார் சார்ஜன்ட்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சின்னமுத்து எல்லாவற்றையும் சொன்னார். சீனி மூட்டை, வழுக்கிய தோள், செத்துப்போன கீ, வாய் சொன்ன பொய், நாடு கடத்தப்பட்ட மஞ்சள் பூனை, கருவாட்டுத் தலைகள். சொல்லிவிட்டு முதலாளியின் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு எப்பங்க தெரியும்?"

"அன்டைக்கே தெரியும்," என்றார் முதலாளி. "நான் பின்னால வுழுச் செஞ்சிக்கிட்டு ஈந்த. தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டிச்சி. பொறகு 'ஐயையோ முருகா'ன்னு ஒரு சத்தம். நம்மட பூனை எப்ப சின்னமுத்து முருகனக் கூப்புட்டிச்சி?"

முதலில் சிரித்தது சார்ஜன்ட்தான். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கலாம் என்று தெரிந்தது. ஸ்டூலில் இருந்தபடியே முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தார். சாவிக்கொத்தும் அவரோடு சேர்ந்து சிரித்தது.

"வாசி, வாசி. லெட்டர் வரட்டும்."

லெட்டர் கடைசிக் கோப்பு. "வே... லை லெ... ட்... டர்." முதலாளி அமுக்கினார், பிரின்டர் கரகரத்துத் துப்பியது. முதலாளி தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சீலை வைத்தார். கொஞ்சம் சரிந்து விழுந்தாலும் விழுந்தது. சார்ஜன்ட் வாசித்தார். சிங்களம் என்பதால் சின்னமுத்துவுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. பார்த்துக்கொண்டே நின்றார்.

"பதினோரு வருசமா இங்க வேல. சரி. சொந்த ஊர் கலஹா. சரி." சார்ஜன்ட் தலையைத் தூக்கினார். "'இவர் பொய் சொல்ல மாட்டார்' என்டு எழுதியிருக்கு. இது சரியா மொதலாளி?"

"பதினோரு வருஷத்துல ஒரே ஒரு பொய்தான் சார். அதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல."

சார்ஜன்ட் தாளை மடித்தார். பையிலிருந்து அட்டையை எடுத்தார். முகம் இல்லாத அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ட மூஞ்சிக்கி நேர என்ட கடன வாசிச்ச மனுசன்," என்றார். "உனக்கு என்னத்துக்கு படம்? இந்தா. ஊருக்குப் போய் வந்து புது கார்ட்டுக்கு எழுதிப் போடு."

சின்னமுத்து அட்டையை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, போட்டதைத் தடவிப் பார்த்து, இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

சார்ஜன்ட் எழும்பவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேர்ஸைத் திறந்தார். மாற்றத்துக்குக் கிடைத்த பயணக் காசாக இருக்க வேண்டும், நோட்டுகள் புதிதாக இருந்தன. இரண்டு ஆயிரம் ரூபாய் நோட்டு. பிறகு ஒரு நூறு. பிறகு பத்துப் பத்தாக நாலு. எல்லாவற்றையும் முதலாளியின் கையில் வைத்தார். முதலாளி விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சார், அவசரம் ஒண்டும் இல்ல. வந்து தந்தாலும்..."

"வவுனியாவுக்குப் போறவன் நே," என்றார் சார்ஜன்ட். "கடனோட போறது சரியில்ல."

தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு எழும்பினார். அவர் வெளியே போனார். சாவிச் சத்தம் சந்தி வரை போய், ஒரு ஜீப்புக்குள் ஏறி, இல்லாமல் போனது. அன்று பின்னேரம் முடிவதற்குள் பாரூக்கும் தன்னுடைய தொள்ளாயிரத்து அறுபதைக் கொண்டுவந்து கொடுத்தார். "அது வேற ஆள்தான்," என்றார், "எண்டாலும் அவனுக்காக நான் குடுக்குற."

சின்னமுத்து சனிக்கிழமை கலஹா போனார். பேராதனையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அட்டையோடு கடிதத்தின் பிரதியையும் நீட்டினார்; பார்த்த பொலிஸ்காரப் பொடியன் சிரித்துவிட்டு ஏறச் சொன்னான். பேர் வைத்த பிறகு அடுப்படியில் ராக்கம்மாவிடம் கடன் விஷயத்தைச் சொன்னார். அங்கே நடந்தது குடும்ப விஷயம்.

திங்கட்கிழமை கைரியா வந்து புதுக் கீபோட் ஒன்றை மாட்டினாள். இரண்டு நிமிடத்தில் வேகத்தைப் பழையபடி கூட்டினாள். வண்டு மறுபடி போத்தலுக்குள் போனது. ஊரும் நிம்மதியாகக் கடன் வாங்கத் தொடங்கியது.

சின்னமுத்து மாதம் ஐநூறாகக் கட்டினார், எட்டு மாதம். எட்டாவது ஐநூறைக் கொண்டுவந்த வாரம் ரோட்டில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டிய வாகனங்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின, சண்டை முடிந்துவிட்டதாம். கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தார்கள். முதலாளி பட்டியலில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"சாவி கிலுக்கியக் கழிச்சிட்டீங்களா மொதலாளி?"

"இல்ல. சைபர்னு போட்டு வச்சீக்கி. அந்தச் சத்தம் திரும்ப வந்தா அழிக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "ஒன்ட கணக்குல இன்னும் முந்நூத்தி எம்பத்தஞ்சி ஈக்கி," என்றார்.

"அடுத்த மாசம் தந்துர்றேங்க."

"ஓணாம். அது காசாத் தீராத கடன். பாரூக்ட கடைக்குப் போ. அந்தப் பூனையத் தூக்கிக்கிட்டு வா. எனக்கு முன்னால வச்சி அதுகிட்ட மாப்புக் கேளு. சத்தமாக் கேளு, எனக்குக் கேக்கோணும்."

சின்னமுத்து போனார். ஐம்பது கிலோ மூட்டையைச் சும்மா தூக்குகிற மனிதருக்கு அந்த மூன்று கிலோவைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பது பெரிய பாடாக இருந்தது; கையெல்லாம் கீறல். கல்லா மேல் அதை வைத்தார். பாரூக் ஊசிகளோடு வாசலில் நின்றார். கைரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பூனையாரே," என்றார் சின்னமுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு. "கீபோட்ட ஒடச்சது நான்தான். ஒங்க மேல சும்மா பழியப் போட்டுட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

பூனை அவரைப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் குதித்து, சீனி மூட்டை மேல் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

முதலாளி இன்சர்ட் கீயைப் பிடித்துக்கொண்டு குரலின் வேகத்தைக் குறைத்தார், அந்த வெள்ளிக்கிழமை இருந்த அளவுக்கு. மூன்று எண்களை அழித்து ஒரு எண்ணைப் போட்டார்.

"பூனை," என்றது குரல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. "பூச்சியம். ரூபாய்."